நகம் பேணுந் தொழிலும் அதற்குரிய பயிற்சியும்

மக்கள் உடம்பைத் தொட்டுச் செய்யுந் தொழில்கள் மிகச் சிலவே. மருத்துவம் அவற்றுள் தலையாயது என்பர். பிள்ளைப்பேறு பார்த்தலும் மயிர்வினையும் அதனை அடுத்து எண்ணப்படுவன. இவ்வரிசையில் இக்காலத்துப் புதிதாய் வந்து சேர்ந்ததுபோல் தோன்றுவது நகம் பேணுந் தொழில். கோயம்புத்தூர் முதலிய நகரங்களிற் பல ஆண்டுகளாக நடைபெற்றுவரும் இத்தொழில், பவானியாற்றங்கரையிலுள்ள சத்தியமங்கலம் போன்ற ஊர்களின் அழகு நிலையங்களிலும் கால்வைத்துவிட்டது. மானிக்யூர், பெடிக்யூர், ஜெல் பாலிஷ், நெயில் ஆர்ட் என்னும் சொற்கள் நம் வீட்டுப் பெண்மக்களுக்கு இன்று புதியன அல்ல. பள்ளியிறுதித் தேர்வு முடித்தோர் சிலர் இதனைப் பிழைப்பாகக் கற்கலாமோ, கற்றால் ஊதியம் உண்டோ, எவ்விடத்துக் கற்பது என வினவுகின்றனர்.

அவ்வினாவிற்கு விடை கூறுமுன், அத்தொழிலிற் கற்கவேண்டுவது யாது என்பதைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். சில நாட்களில் வண்ணம் பூசக் கற்பித்துச் சான்றிதழ் வழங்குவோர் பலர். நகத்தைக் கற்பிப்போர் சிலர். வண்ணம் மட்டும் அறிந்து நகத்தை அறியாதார் கையில் அரமும் கத்தரியும் இருப்பின் வாடிக்கையாளருக்கும் கேடு, தொழில் செய்வார்க்கும் கேடு. இதனை விளக்குதலே ஈண்டு நாம் மேற்கொண்ட பொருளாகும்.

இத்தொழில் புதியது என்பது பெயரளவிலேயே உண்மை. நகத்திற்கு உகிர் என்னும் பெயர் பழந்தமிழ் வழக்கு. நகங்களைதல் நம் நாட்டில் நாவிதர் செய்துவந்த பணிகளுள் ஒன்று. சிற்றுளி போன்ற ஒரு கருவியைக் கொண்டு, திண்ணையிலோ மரத்தடியிலோ அமர்ந்து, கையையும் காலையும் தம் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு அவர் நகம் நறுக்குவர். கட்டி கீறுதலும் புண்ணுக்கு மருந்திடுதலும் அவர்தம் பணியாகவே இருந்தன; அவர்கள் மருத்துவர் என வழங்கப்பட்டதும், அக்குடியிற் பிறந்த பெண்டிர் மருத்துவச்சியராய் ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் கையில் ஏந்தியதும் இதுபற்றியே. நம் கொங்குநாட்டில் வேளாளர் வீட்டுத் திருமணங்களில் மங்கல வாழ்த்துப் பாடும் உரிமை குடிமகன் எனப்படும் அவருக்கே உரியது என்பதை இப்பக்கத்தார் அறிவர். வாழ்த்துப் பாடுதற்கு முன்னிற்க வேண்டியவரை மற்றை நாட்களில் தாழ்வாக நடத்தியதும், அறுவடைக் காலத்துச் சில படி தானியங் கொடுத்து அவர் உழைப்பைக் கணக்குத் தீர்த்ததும் நம்மவரே. அன்று இழிவென எண்ணிய அதே வேலை, இன்று குளிரூட்டிய அறையில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னே, ஆங்கிலப் பெயரோடு நிகழும்பொழுது நூற்றுக்கணக்கான ரூபாய் பெறுகின்றது. இதில் நகைப்பதற்கும் இடமுண்டு, நாணுதற்கும் இடமுண்டு.

நிற்க. நகம் என்பது யாது? நாம் ஒரு சொல்லால் நகம் என்பது பல உறுப்புக்களின் தொகுதி. மேலே தோன்றுங் கடினமான தகடு நகத்தட்டு. அது கெராட்டின் என்னும் புரதத்தால் ஆயது. நம் மயிரும், மாட்டின் குளம்பும், கொம்பின் மேலுறையும் அப்பொருளால் ஆனவையே. தட்டில் உயிரில்லை, ஆதலின் அதனை வெட்டினால் நோவதில்லை. தட்டின் கீழே குருதிக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்து கிடப்பது நகப்படுகை. நகத்தின் இளஞ்சிவப்பு நிறம் தட்டின் நிறமன்று. கீழே ஓடுங் குருதியின் நிறம். அறுவைச் சிகிச்சைக்கு முன் செவிலியர் நகப்பூச்சை அழித்துவிடச் சொல்லுவதன் காரணமும் இதுவே. விரல் நுனியில் மாட்டி உயிர்வளியின் அளவு காணுங் கருவிக்கு அடர்ந்த பூச்சு இடையூறு செய்யும், நகத்தின் இயல்பான நிறமாற்றத்தையும் கண்ணுக்கு மறைத்துவிடும்.

நகத்தின் அடியில், தோலுக்குள் மறைந்து கிடப்பது நகக்கரு. தட்டை உண்டாக்குவது அதுவே. பெருவிரலின் அடியில் வெண்பிறைபோல் தோன்றுவது அக்கருவின் வெளித்தெரியும் ஓரம். கரு நசுங்கினாலும் கிழிந்தாலும் அதனின்று பிறக்குந் தட்டு வாழ்நாள் முழுதும் பிளந்தோ மேடுபட்டோ வளர்தல் கூடும். இனி, நகமும் தோலும் சேருமிடத்தில் மெல்லிய விளிம்பாக ஒட்டியிருக்கும் நகத்தோல் ஒன்றுண்டு. அதனைக் கியூட்டிகிள் என்பர். ஓட்டு வீட்டில் சுவருங் கூரையுங் கூடுமிடத்துச் சந்தைச் சுண்ணச்சாந்து அடைத்து மழைநீரைத் தடுப்பதுபோல, இவ்விளிம்பு நீரும் நுண்ணுயிரும் உட்புகாமற் காக்கின்றது. அழகின் பொருட்டு இதனைச் சுற்றிலும் கத்தரித்து எறிதல் பல இடங்களில் வழக்கமாயிருக்கின்றது. தொழிலை அறிந்தோர் அவ்வாறு செய்யார். வெதுவெதுப்பான நீரில் விரலை ஊறவைத்து, நகத்தோலை மெல்லப் பின்னே ஒதுக்கி, தட்டின்மேல் ஒட்டிக் காய்ந்த உயிரற்ற தோலை மட்டுமே நீக்குவர்.

கைவிரல் நகம் மாதத்திற்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். ஆகவே ஒரு கைநகம் அடிமுதல் நுனிவரை புதிதாவதற்கு ஆறு மாதம் ஆகும். கால் பெருவிரல் நகத்திற்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வேண்டும். வில்லியம் பீன் என்னும் அமெரிக்க மருத்துவர் தம் கட்டைவிரல் நகத்தின் வளர்ச்சியை முப்பத்தைந்து ஆண்டுகள் விடாது குறித்துவந்து 1980-ஆம் ஆண்டு வெளியிட்டார். அவருடைய 32-ஆம் வயதில் நாளொன்றுக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்த நகம் 67-ஆம் வயதில் 0.095 மில்லிமீட்டரே வளர்ந்தது. இவ்வளவு பொறுமையோடு தம் விரலைத் தாமே நோக்கியிருந்தவர் உலகில் வேறெவரேனும் இருந்தனரோ, அறியோம்! இவ்வளர்ச்சிக் கணக்கு வீணானதன்று. கடுங்காய்ச்சல் முதலிய பெருநோய் வந்த காலத்து நகக்கரு சிறிது வேலை நிறுத்தும். பின்னர் வளரும் நகத்தில் குறுக்கே ஒரு பள்ளம் விழும். பிரெஞ்சு மருத்துவர் போ என்பார் 1846-ஆம் ஆண்டு இதனை விளக்கியமையால் அப்பள்ளம் அவர் பெயராலேயே வழங்குகின்றது. அடியிலிருந்து 6 மில்லிமீட்டர் தூரத்தில் பள்ளம் இருக்குமாயின், நோய் வந்தது ஏறக்குறைய இரண்டு மாதத்திற்கு முன் என்று சொல்லிவிடலாம். இதனை அறியாதவர் அப்பள்ளத்தை அரத்தால் தேய்த்துச் சமன்செய்யப் புகுந்து, இருக்குந் தட்டையும் மெலிவிப்பர்.

ஏட்டில் உள்ள நகம் இவ்வாறாக, நம் ஊர்க் கைகளைச் சிறிது நோக்குவோம். முன்னாளில் கோயம்புத்தூர் ஜில்லாவிலும் 1979-ஆம் ஆண்டு முதல் அதனின்று பிரிந்த ஈரோட்டுப் பகுதியிலும் அடங்கிய சத்தியமங்கலம், மல்லிகைக்குப் பேர்போனது. விடியுமுன்னரே தோட்டத்துக்குள் இறங்கி, பனியில் நனைந்த செடியிலிருந்து அரும்புகளைக் கட்டைவிரல் நகத்தாலும் ஆட்காட்டி விரலாலும் கிள்ளும் பெண்டிர் ஆயிரக்கணக்கானோர். அந்நகம் அவர்க்கு அணி அன்று, கருவி. சுற்றுவட்டாரத்தில் மஞ்சள் அவிப்போரும் வாழைத்தார் வெட்டுவோரும் உளர். கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் பட்டுக்கூட்டை வெந்நீரில் இட்டு நூலெடுப்போர் உளர். அவர்தம் விரல்கள் நாளெல்லாம் நீரிலேயே கிடப்பன. வீட்டு வேலை செய்வார்க்கும் உணவு விடுதியிற் பாத்திரந் துலக்குவார்க்கும் நிலை இதுவே.

இடைவிடாது நனையும் விரலில் நகத்தோல் இளகி விலகும். அவ்வழியே நுண்ணுயிர் புகும். நகத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கும். நகச்சுற்று என்பது இதுதான். கொங்கு நாட்டார் நகச்சுத்தி என்பர். எலுமிச்சம்பழத்தைத் துளையிட்டு விரலிற் செருகிக்கொள்ளும் வீட்டு மருத்துவத்தை அறியாதார் யார்? சீழ் கட்டியபின் எலுமிச்சை அதனை வெளியேற்றாது; மருத்துவரே கீறி எடுத்தல் வேண்டும். இத்தகைய கைகள் அழகு நிலையத்துக்கு வாரா என்று எண்ணற்க. திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் முன்னாள் அவையே வருகின்றன. மணப்பெண்ணின் தாய், தமக்கை, அத்தை எல்லாரும் ஒருங்கே வந்து கைநீட்டும்போது, பயிற்சி பெற்றவர் முதலிற் செய்யவேண்டுவது வண்ணப் புட்டியைத் திறப்பதன்று. பத்து விரல்களையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பது.

பார்த்தவிடத்து எவற்றைக் கண்டால் கையை நிறுத்த வேண்டும்? வீக்கமும் சீழும் உள்ள விரலைத் தொடலாகாது. தட்டு தடித்து மஞ்சளித்துப் பொடியாக உதிருமாயின் அது பூசணம் பற்றியதாகலாம். அதன்மேல் செயற்கை நகம் ஒட்டுவது புண்ணின்மேல் பட்டுத்துணி போர்த்துவது போலாம். செயற்கை நகம் சிறிது தூக்கிக்கொண்டு ஈரந் தங்கியவிடத்துப் பச்சை நிறம் படருமாயின் அதுவும் ஒருவகை நுண்ணுயிரின் வேலை. மேலும் ஒரு பூச்சால் மறைத்தனுப்புதல் தகாது. நகம் கரண்டிபோற் குழிந்திருப்பின் குருதியில் இரும்புச்சத்துக் குறைந்திருக்கலாம். நம் நாட்டுப் பெண்டிர்க்கு இக்குறை மிகுதி. நகத்தில் நீளவாக்கிற் கறுப்புக் கோடு தோன்றுதல் நம்மனையார்க்குப் பெரும்பாலும் தீங்கற்றதே. எனினும் ஒரே விரலில் தோன்றி, நாளுக்குநாள் அகன்று, பக்கத்துத் தோலிலும் கறுப்புப் படருமாயின் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அனுப்பல் வேண்டும். ஜமைக்கா நாட்டுப் பெரும்பாடகர் பாப் மார்லியின் கால்விரல் நகத்தடியில் 1977-ஆம் ஆண்டு கண்ட புற்றுநோய், பந்தாட்டத்திற் பட்ட காயமென்றே முதலில் எண்ணப்பட்டது; 1981-ஆம் ஆண்டு தம் 36-ஆம் வயதில் அவர் இறந்தார். நகம் பேணுவோர் நோயின் பெயரைச் சொல்லவேண்டுவதில்லை, சொல்லவுங் கூடாது. “இதனை மருத்துவரிடம் காட்டுங்கள் அக்கா, இன்றைக்கு இந்த விரலை விட்டுவிடுவோம்” என்னும் ஒரு சொல் போதும். அச்சொல்லைக் கூலி போய்விடுமே என்னும் அச்சமின்றிச் சொல்லப் பழகுவதும் பயிற்சியின் பாற்பட்டதே.

இனித் தூய்மை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து வாட்சன்வில் என்னும் ஊரில் 2000-ஆம் ஆண்டு, ஒரே நிலையத்திற் கால் பேணிக்கொண்டவருள் நூற்றுக்கு மேற்பட்டோர்க்கு முழங்காலின் கீழ்க் கொப்புளங்கள் தோன்றி மாதக்கணக்கில் ஆறாதிருந்தன. ஆராய்ந்து பார்த்ததில், கால் அமிழ்த்துஞ் சுழல்நீர்த் தொட்டியின் உள்ளே, நீர் இழுக்கும் துளைமூடிக்குப் பின்னால், மயிரும் தோற்கசடும் திரண்டு கிடந்தன. காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்ததொரு நுண்ணுயிர் அதிலே பெருகியிருந்தது. தொட்டி வெளியே பளபளவென்றுதான் இருந்திருக்கும்! வருமுன் கால்மயிர் மழித்துக்கொண்டவர்க்கு இந்நோய் மிகுதியாக வந்தது என்பதும் அப்போது தெரியவந்தது. மழித்த தோலின் நுண்ணிய கீறல்களே அதற்கு வாயில்.

கருவிகளைத் தூய்மை செய்தலில் இரண்டு படிகள் உள. அவற்றை மாற்றிச் செய்தல் பயனற்றது. முதலில் சவர்க்காரமுந் தூரிகையுங் கொண்டு கண்ணுக்குத் தெரியும் அழுக்கெல்லாம் போகத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதன் பின்னரே கிருமிகொல்லி நீரில், அதற்குக் குறித்த நேரம் முழுதும் அமிழ்த்தி வைத்தல் வேண்டும். அழுக்கோடு அமிழ்த்தினால் மருந்து அழுக்கைத் தாண்டி உட்செல்லாது. உலோகக் கருவிகளை நீராவியழுத்தக் கலத்தில் 121 பாகை வெப்பத்திற் பதினைந்து நிமிடம் வைத்தெடுப்பது மேலான முறை. நீலவிளக்கு எரியுஞ் சிறு பெட்டியுள் கத்தரியை வைத்துவிட்டுக் கிருமி ஒழிந்தது என்பார் சொல்லை நம்பற்க. அது தூய்மை செய்த கருவியை வைத்துக்காக்கும் பெட்டியே அன்றித் தூய்மை செய்யும் பெட்டியன்று. காகித அரம், மரக்குச்சி முதலிய துளையுள்ள பொருள்கள் ஒருவர்க்கே உரியன, மற்றொருவர்க்கு எடுத்தலாகாது. கல்லீரல் அழற்சி பி என்னும் நோயின் நச்சுயிர் காய்ந்த குருதியிலும் ஒரு வாரம்வரை உயிரோடிருக்கும். சிறுகீறல் ஒன்றே அதற்குப் போதும். தொழில் செய்வார் அந்நோய்க்குத் தடுப்பூசி இட்டுக்கொள்ளல் நன்று.

அடுத்து, நகத்தின்மேற் பூசுவனவற்றைப் பற்றிச் சிறிது. சாதாரண நகப்பூச்சு நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருளைக் கரைப்பானிற் கரைத்து நிறங் கூட்டியதாகும். கரைப்பான் ஆவியாகிப் போக, மெல்லிய தோடு நிற்கும். நைட்ரோசெல்லுலோஸ் என்பது வேறன்று. பஞ்சை அமிலங்களால் மாற்றிச் செய்யும் வெடிபஞ்சின் இனத்ததே. பவானிக்கு நீர் தரும் நீலகிரி மலையில், குன்னூருக்கு அணித்தாகிய அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலை, பீரங்கிக்குரிய வெடிமருந்தை இப்பொருளைக் கொண்டே செய்துவந்தது. போர்க்களத்துப் பொருளின் உடன்பிறப்பு ஒன்று மணப்பெண் விரலில் மின்னுகின்றது என்பது வியப்பே. பூச்சுப் புட்டியையும் அசெட்டோன் நீர்மத்தையும் விளக்குக்கும் அடுப்புக்கும் அருகில் வைக்கலாகாமை இதனாற் பெறப்படும். நியூயார்க்கில் 1932-ஆம் ஆண்டு ரெவ்லான் நிறுவனம் தோன்றியதும் நகப்பூச்சு ஒன்றையே முதலாகக் கொண்டு. நம் நாட்டில் டாட்டா குழுவினர் 1952-ஆம் ஆண்டு லாக்மே நிறுவனத்தைத் தொடங்கினர்.

ஜெல் பூச்சும் அக்ரிலிக் நகமும் வேறு இனம். அவை காய்வதில்லை, அக்ரிலேட் என்னும் சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து பெருஞ்சங்கிலியாகி இறுகுகின்றன. ஜெல்லுக்கு அப்பிணைப்பை உண்டாக்குவது புறவூதா விளக்கின் ஒளி. இங்கேதான் பலர் அறியாத இடர் ஒன்று மறைந்துள்ளது. ஒரு நிறுவனத்தார் ஜெல்லை மற்றொரு நிறுவனத்தார் விளக்கில் வைப்பினும், பூச்சுத் தடித்திருப்பினும், மேற்புறம் கல்லாகி உட்புறம் பிணையாத மூலக்கூறுகள் தங்கிவிடும். அவை தோலிற் படுந்தோறும் உடல் அவற்றைப் பகையென்று கற்றுக்கொள்ளும். ஒருமுறை அவ்வொவ்வாமை தோன்றிவிட்டால் பெரும்பாலும் வாழ்நாளளவும் நீங்காது. விரல்நுனி வெடிக்கும்; நகம் படுகையைவிட்டு எழும்பும்; கண்ணிமையிலும் அரிப்புத் தோன்றும். பல்லில் அடைக்குஞ் சாந்திலும், முறிந்த மூட்டை மாற்றுங்கால் எலும்பிற் பூசுஞ் சாந்திலும் இவ்வினப் பொருள்களே உள்ளமையால், பின்னொரு நாளில் அம்மருத்துவங்களும் அவர்க்குச் சிக்கலாகக் கூடும். வாடிக்கையாளர் மாதம் ஒருமுறை தொடுவதைத் தொழில் செய்வார் நாள்தோறும் தொடுகின்றனர்; ஆதலின் முதலில் வீழ்பவர் அவரே. கடன் வாங்கிக் கற்ற தொழிலைத் தம் கைகளே மறுத்துவிடும் நிலை எத்துணைக் கொடிது! தோலிற் படாது பூசுதலும், தக்க கையுறை அணிதலும், காற்றோட்டமுள்ள அறையில் அமர்தலும் ஆடம்பரம் அல்ல. முகக்கவசம் அரத்தூளை ஓரளவு தடுக்கும், ஆவியைத் தடாது.

விலை மலிந்த பொருள்களிடத்து இன்னும் விழிப்பு வேண்டும். மெத்தில் மெத்தக்ரிலேட் என்னும் நீர்மத்தாற் செய்த நகங்களால் கேடு விளைந்தமை கண்டு அமெரிக்க அரசு 1970-களிலேயே அதன்மேல் நடவடிக்கை எடுத்தது. அதனாலாகிய நகம் அளவுக்கு மிஞ்சிக் கடினமானது. கதவில் மாட்டிக்கொண்டால் அது முறியாது, அடியிலுள்ள இயற்கை நகமே பிய்ந்து வரும். சில ஜெல்களில் ஒளியை ஏற்று வினை தொடக்குதற்குச் சேர்த்துவந்த டி.பி.ஓ. என்னும் பொருளை, இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்யக்கூடும் எனக் கருதி ஐரோப்பிய ஒன்றியத்தார் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருள்களில் விலக்கிவிட்டனர். நம் மருதோன்றி இவ்விடரின்றி நகத்தோடு தானே பிணைந்து நிற்பது. ஆயினும் கறுப்பு மருதாணி என்று விற்பனவற்றில் மயிர்ச்சாயப் பொருள் கலந்திருத்தல் உண்டு, அது தோலைப் புண்ணாக்கும்.

இத்தொழிலால் ஒரு கூட்டத்தார் வாழ்வே மாறிய வரலாறு ஒன்றை மாணாக்கர் அறிதல் நலம். 1975-ஆம் ஆண்டு சைகோன் நகரம் வீழ்ந்தபின் வியட்நாமிலிருந்து அகதிகளாய் அமெரிக்கா சென்றவருட் சிலர், கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோ நகருக்கு அப்பாலுள்ள ஹோப் வில்லேஜ் என்னும் முகாமில் தங்கியிருந்தனர். ஹிட்ச்காக்கின் ‘தி பேர்ட்ஸ்’ படத்தில் நடித்த டிப்பி ஹெட்ரன் அம்மையார் அம்முகாமுக்குச் சென்றுவந்தார். அங்கிருந்த பெண்டிர் அவருடைய நகங்களை வியந்து நோக்குதலைக் கண்டு, தம் நகம் பேணுபவரையே அழைத்துவந்து கற்பிக்கச் செய்து, இருபது பெண்டிரை உரிமத் தேர்வுக்கு அனுப்பினார். அவர்களிடம் மொழியுமில்லை, முதலுமில்லை. பழகிய விரல்கள் மட்டும் இருந்தன. அவ்விருபதின்மர் தம் உறவினர்க்குக் கற்பிக்க, உறவினர் தம் உறவினர்க்குக் கற்பிக்க, இன்று அம்மாநிலத்து நகத்தொழிலாளருட் பெரும்பான்மையோர் வியட்நாம் வழியினர்.

இதனை மட்டுஞ் சொல்லி நிறுத்தினால் பாதி உண்மையே ஆகும். தொழில் பெருகியவழிக் கூலி சுருங்கியது. 2015-ஆம் ஆண்டு நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அந்நகர நகநிலையங்களைப் பற்றி வெளியிட்ட நெடிய கட்டுரைகள், சில இடங்களில் புதிதாய்ச் சேர்ந்த பெண்டிர் வேலைக்குச் சேரத் தாமே பணங் கட்டி, வாரக்கணக்கிற் கூலியின்றி உழைத்தமையை வெளிப்படுத்தின. மாநில ஆளுநர் உடனே அவசர விதிகளைப் பிறப்பிக்க நேர்ந்தது. கையில் உரிமமும் மொழியும் சட்ட அறிவும் உடையார் நிலைபெற்றனர். விரல்வேலை மட்டும் அறிந்தார் பிறர் நிழலிற் கிடந்தனர்.

நம் நாட்டிலோ நகத்தொழிலுக்கெனத் தனி உரிமத் தேர்வு வேண்டுமெனச் சட்டமில்லை. கலிபோர்னியாவில் 400 மணிநேரப் பயிற்சிக்குப் பின்னரே தேர்வெழுத விடுவர். இங்கு எவரும் நாளைக்கே பலகை எழுதி மாட்டலாம். ஆதலின் நல்ல பயிற்சியைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு மாணாக்கர் தலைமேலேயே விழுகின்றது. 1950-ஆம் ஆண்டு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் நடைபெறும் ஐ.டி.ஐ.களில் அழகுக்கலை ஓராண்டுப் பாடமாக உள்ளது. கையும் காலும் நகமும் பேணுதல் அதன் பகுதிகள். மத்திய அரசின் கௌசல் விகாஸ் திட்டம் 2015-ஆம் ஆண்டிலும், தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் 2022-ஆம் ஆண்டிலும் தொடங்கின. திறன் வளர்க்க விழைவோர் அவற்றில் அழகுத்தொழிற் பயிற்சி தம் பகுதியில் உண்டோ என வினவி அறிதல் வேண்டும். தனியார் நிலையங்கள் பல, கட்டணமும் பலவாறு.

கட்டணங் கட்டுமுன் ஒருநாள் அந்நிலையத்திற் சென்று அமர்ந்து பார்க்க இசைவு கேட்க. இசையாவிடின் அதுவே விடை. இசைவரேல், சுவரிலுள்ள படங்களை நோக்கற்க. கைகழுவுந் தொட்டியை நோக்குக. ஆசிரியர் ஒருவரிடமிருந்து மற்றொருவரிடம் செல்லுமுன் கை கழுவுகின்றாரோ, பயன்படுத்திய அரத்தை எறிகின்றாரோ பெட்டியில் இடுகின்றாரோ என்று காண்க. எத்தனை உயிருள்ள கைகளில் பழகவிடுவர், எத்தனை நாள் பிளாஸ்டிக் விரலிலேயே கழியும் என்று கேட்க. பழகுவோர்க்கு நேரும் ஒவ்வாமைக்கு என் செய்வர் என்பதனையும் கேட்க. இவ்வினாவைக் கேட்டறியாதார் திகைப்பர். பூச்சு நீக்கும் பாடத்திற்கு ஒதுக்கிய நேரமே ஒரு பயிற்சியின் தரத்தை அளக்கும் கோல் என்பது நம் கருத்து. அசெட்டோனில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, தானே நெகிழ்ந்தபின் துடைத்தெடுக்கப் பொறுமை வேண்டும். பொறுமையில்லார் சுரண்டி எடுப்பர், நகத்தின் மேலடுக்குகளும் உடன்போம். “ஜெல் போட்டதால் நகம் மெலிந்தது” என்று பெண்டிர் சொல்லுவதிற் பெரும்பகுதி, போட்டதனால் அன்று, எடுத்ததனாலேயே.

பிழைப்பு உண்டோ எனின், மணக்காலத்து வண்ணவேலையை மட்டும் நம்பிச் சிற்றூரில் ஆண்டு முழுதும் நிலைபெறுதல் அரிது. ஆயின் ஒருவரும் எண்ணிப் பாராத வேலை ஒன்று நம் தெருக்களிலேயே காத்திருக்கின்றது. 2023-ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவு உடையார் பத்துக்கோடிக்கு மேற்பட்டோர் எனக் கணித்தது. அவருட் பலர்க்குக் காலில் உணர்ச்சி குன்றியிருக்கும், வெட்டுப்பட்டதும் அறியார். முதியோர்க்கோ குனிய முடியாது, கண் தெரியாது, கால்நகம் மாட்டின் குளம்புபோல் தடித்துச் சதைக்குள் வளைந்துகொள்ளும். அந்நகத்தை ஊறவைத்து, நேராக வெட்டி, மூலைகளைத் தோண்டாது விட்டு, அரத்தால் மெல்லச் சமன்செய்து, விரலிடைகளை ஈரமின்றித் துடைத்து, புண் கண்டால் அன்றே மருத்துவரிடம் அனுப்ப ஒருவர் வேண்டும். பித்தவெடிப்பையும் காய்ப்பையும் கத்தியாற் சீவுதல் இவர்க்கு ஒருகாலும் ஆகாது. மேனாடுகளில் பாத மருத்துவம் எனத் தனிக்கல்வியே உண்டு. அப்பட்டம் பெறாதார் அதன் வேலையிற் கைவைத்தல் தவறு. நாம் சொல்லுவது, மருத்துவர் ஒருவரைத் துணையாகக் கொண்டு, மாதம் ஒருமுறை வீடு தேடிச்சென்று நகம் களையும் எளிய பணி. மருத்துவர் எனப் பெயர்பெற்றிருந்த அப்பழைய நாவிதர் இப்பணியையே செய்தார்.

இக்கட்டுரையைப் படித்தபின் இத்தொழிலில் விருப்பமுற்றார்க்குச் செலவில்லாத முதற்பாடம் ஒன்று தருகின்றோம். உம்முடைய இடக்கை விரல்கள் ஐந்திலும் மருதோன்றி அரைத்து நகம் முழுதும் சிவக்க இடுக. ஞாயிறுதோறும் அளவுகோலை வைத்து, நகத்தடியில் நிறமின்றிப் புதிதாய்த் தோன்றும் வெண்பகுதியை ஒவ்வொரு விரலிலும் அளந்து குறிப்பேட்டில் எழுதுக. எவ்விரல் விரைந்து வளர்கின்றது, சிறுவிரல் எவ்வளவு பிந்துகின்றது, நான்கு வாரத்தில் மூன்று மில்லிமீட்டர் வந்ததோ என்று காண்க. வீட்டில் பாட்டியார் இருப்பின் அவர் விரலிலும் இட்டு ஒப்பிட்டு நோக்குக. கடைசிச் சிவப்பு நுனியில் வெட்டுண்டு விழும் நாளைக் குறித்துக்கொள்ளும்போது, ஏறக்குறைய ஆறு மாதம் கழிந்திருக்கும்.